மோலா: வாங்குவோரும் தைப்போரும் செய்யும் தவறுகள்
பனாமாவின் குனா யாலா தீவுகளில் குனா பழங்குடிப் பெண்கள் தங்கள் ரவிக்கைக்காகத் தைக்கும் துணி வேலைப்பாடான மோலாவை எம்பிராய்டரி என்று நினைத்து வாங்குவோர் நிறைய. அது வெட்டுவேலை. இரண்டு முதல் நான்கைந்து பருத்தித் துணிகளை அடுக்கி நூலோட்டி, மேல்துணியை வரைகோட்டில் வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்பார்கள். அடித்துணியின் நிறம் அங்கே எட்டிப் பார்க்கும். கண், இறகு போன்ற நுணுக்கங்களுக்குத்தான் நூல்வேலை. ஆகவே பளபளக்கும் நிறங்களைக் கண்டு மயங்காமல் கோடுகளைப் பாருங்கள். அகலம் சீராக இருக்கிறதா, தையல் மறைந்திருக்கிறதா, வெற்றிடங்களைச் சிறு கீறல்களோ முக்கோணங்களோ நிறைத்திருக்கின்றனவா?

தைக்கப் பழகுவோர் முழு உருவத்தையும் ஒரே மூச்சில் வெட்டிவிடுகிறார்கள். துணி நகரும், ஓரம் பிசிறாகும். இரண்டு விரற்கடை வெட்டி, மடித்துத் தைத்த பிறகே அடுத்ததை வெட்ட வேண்டும். மடிப்புக்குச் சுமார் 3 மி.மீ. போதும்; குறைந்தால் பிரியும், கூடினால் ஒடுங்கிய கோடு புடைக்கும். உள்வளைவில் சின்னதாக வெட்டுக் கொடுக்காவிட்டால் மடிப்பு சுருங்கும். கத்தரி நுனி அடித்துணியில் படாமல் மேல்துணியைக் கிள்ளித் தூக்கி வெட்டுங்கள். நூல் மேல்துணியின் நிறத்தில் இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்த துணி வேண்டாம், மடிப்பு நிற்காது.

ரவிக்கையின் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என மோலா ஜோடியாகவே பிறக்கிறது. இரண்டும் ஒத்திருக்கும், ஆனால் அச்சு அசலாக இராது. அந்தச் சிறு வேறுபாட்டைப் பிழை என்று ஒதுக்குவது வாங்குவோரின் அறியாமை. ஓரத்துத் தையல் தடமும் லேசான நிறமங்கலும் அது ரவிக்கையில் இருந்ததன் அடையாளம். அதற்காக விலையைக் குறைக்கக் கேட்பது நியாயமில்லை.

ஒவ்வொரு கோட்டுக்கும் அகராதி போல் அர்த்தம் தேடுவது இன்னொரு தவறு. வடிவியல் கோலங்களின் வேர் பழைய உடலோவியத்தில் இருக்கிறது. புதிர்ப்பாதை போன்றவை தீய ஆவிகளைத் திசைதிருப்பும் என்பார்கள். ஆனால் நண்டு, பறவை, தேர்தல் சுவரொட்டி, விளம்பரப் படம் எல்லாமே மோலாவுக்கு வரும். பழைய கோலம் மட்டுமே அசல் என்று சொல்வது இந்தக் கலையைப் பொம்மையாக்குவது. மோலா ரவிக்கை உடையைக் கைவிடச் சொல்லி பனாமா அரசு நெருக்கியதும் குனா மக்களின் 1925 பிப்ரவரி கிளர்ச்சிக்கு ஒரு காரணம்.

துவைக்கும்போது ஊறவைக்காதீர்கள், சிவப்புச் சாயம் இறங்கும். குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் நிழலில் விரித்துப் போடுங்கள். சட்டகமிடுவோர் பசை தடவாமல் பருத்தித் துணியில் தைத்துப் பொருத்தலாம்.

கோலத்தை நகலெடுத்து அச்சிட்டு விற்க நினைப்போர் கவனிக்க: பனாமாவின் 2000-ஆம் ஆண்டு 20-ஆம் சட்டம் பழங்குடியினரின் கூட்டு உரிமையைக் காக்கிறது. 2019-இல் குனா மக்கள் எதிர்த்ததால் நைக்கி நிறுவனம் மோலா கோலமிட்ட காலணியின் வெளியீட்டைக் கைவிட்டது.