பிக்கப் வேண்டும், புகை வேண்டாம்: பம்ப் ஏற்றிய பழைய லாரிக்கு என்ன செய்யலாம்?

பெங்களூரு கலாசிபாளையத்தில் லோடு ஏற்றும் என் மச்சானின் லாரி போன வருஷம் எமிஷன் டெஸ்டில் ஃபெயில் ஆனது. தொப்பூர் மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று யாரோ ஒரு மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறார், அவர் இன்ஜினுக்குக் கூடுதல் டீசல் போகும்படி டீசல் பம்பின் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டு "இனி பறக்கும் பாருங்கண்ணே" என்றாராம். பறந்தது கரும்புகைதான். பின்னால் பைக்கில் வந்தவர்கள் திட்டியதுகூட மச்சானுக்கு உறைக்கவில்லை, மைலேஜ் அடிவாங்கியது உறைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் உட்கார்ந்து சரி செய்தோம். பம்ப் பக்கமே போகாதவர்களுக்குப் புரிகிற மாதிரி அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

இது டர்போவும் (புகை வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தருவது) மெக்கானிக்கல் பம்பும் (கம்ப்யூட்டர் இல்லாமல் டீசலை அளந்து விடுவது) உள்ள பழைய வண்டிக்கு மட்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகை வரம்பு விதியின் ஆறாம் கட்டம்) வண்டியில் புகை வடிகட்டியைக் கழற்றுவது, புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்ப்ளூ திரவத்தை ஏமாற்றுவது பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவே சொல்கிறது. ரோட்டில் ஓடும் பழைய வண்டிக்கும் அதே கதைதான், அதனால் நம் வேலை ஏற்றிவிட்டதை இறக்கி, இருக்கிற பவரை முழுசாக எடுப்பது.

சரி, கரும்புகை ஏன் வருகிறது? கணக்குப்படி ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று போதும். ஆனால் டீசல் சிலிண்டருக்குள் எல்லா இடத்திலும் சமமாகக் கலப்பதில்லை, அதனால் 18, 20 கிலோவுக்குக் கீழே போனாலே கரி வெளியே வர ஆரம்பித்துவிடும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இங்கே காற்று சென்னையைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் லேசு. டர்போ அதைக் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் சாதாரண மெக்கானிக்கல் பம்புக்கு ஊர் தெரியாது, அது ஊற்றுவதை ஊற்றிக்கொண்டே இருக்கும். சென்னையில் சுத்தமாக ஓடிய வண்டி ஓசூர் தாண்டியதும் புகை கக்குகிறது என்றால் இதுவும் ஒரு காரணம். எனவே முதலில் காற்று, அப்புறம்தான் டீசல்.

வெள்ளையாகவோ நீலமாகவோ புகை வந்தால் இந்தப் பதிவு உங்களுக்கில்லை. நீலம் ஆயில் எரிவது. வெள்ளை, எரியாத டீசலாகவோ சிலிண்டருக்குள் இறங்கிய தண்ணீராகவோ இருக்கலாம்.

முதல் வேலை ஸ்பேனரே எடுக்காமல் செய்வது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, லோடோடு ஒரு மேட்டில் ஓட்டச் சொல்லி, பின்னால் வேறு வண்டியில் போய்ப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் மிதித்தவுடன் ஒரு கொத்து புகை வந்து நின்றுவிடுகிறதா, மேடு முடியும்வரை விடாமல் வருகிறதா, ஐடிலிலேயே வருகிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் பம்பைத் தொடுகிறவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து காற்று வரும் பாதை. ஏர் ஃபில்டரை ஊதி ஊதிப் பயன்படுத்தும் பழக்கத்தை விடுங்கள், புதுசு போடுங்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) வழியாக மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று பிரியும் குழாய்) வரை ஒவ்வொரு ஹோஸையும் கையால் தடவிப் பாருங்கள், கறுப்பாக ஆயில் கசிந்த இடத்தில் பெரும்பாலும் காற்றும் கசிந்திருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, டர்போ வாயை அடைத்து அதில் டயர் வால்வு பொருத்தி, ஒரு பார் அளவுக்குக் காற்றை மெதுவாக ஏற்றி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை தானே குமிழி விட்டுக் காட்டும். அடைப்பு தெறித்து வரலாம், அதற்கு நேராக நிற்காதீர்கள். எங்கள் லாரியில் இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில், விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. ஜே.சி. ரோட்டில் ஒரு ஹோஸும் இரண்டு கிளாம்ப்பும் வாங்கி மாட்டியதும் பாதிப் புகை போயிற்று, பிக்கப்பும் திரும்பியது. பம்பை ஏற்றியதே தேவையில்லாத வேலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தாலும் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், குறையும், அதையும் பாருங்கள்.

மூன்றாவது நாசில், அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை. ஐடிலில் புகை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். கழற்றிப் பம்ப் ரூமில் (டீசல் பம்ப், நாசில் பார்க்கும் கடை) கொடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். டீசல் பனி மாதிரி தெறிக்க வேண்டும், நுனியில் சொட்டக் கூடாது. டைமிங், அதாவது டீசல் பீச்சும் நேரம், தள்ளிப் போயிருந்தாலும் புகை வரும், ஆனால் நுணுக்கமாக அளக்கும் டயல் கேஜ் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

இப்போதுதான் பம்ப். நான் சொல்வது எல்லா சிலிண்டருக்கும் ஒரே இடத்திலிருந்து டீசலைப் பிரித்துத் தரும் ரோட்டரி பம்புக்கு. சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் இருக்கும் இன்லைன் என்றால் பம்ப் ரூமுக்கே விட்டுவிடுங்கள். எதைத் திருகும் முன்பும் பெயின்டால் ஒரு கோடு போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விடாமல் வரும் புகைக்கு, அதிகபட்ச டீசல் அளவை வைக்கும் ஃபுல் லோடு ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுத்து, ஓட்டிப் பார்த்து, தேவையானால் இன்னொரு கால் சுற்று. ஒரேயடியாக இரண்டு சுற்று போனால் எங்கே நிற்கிறீர்கள் என்றே தெரியாது. இதைத் திருகும்போது ஐடிலும் இறங்கும், அதைத் தனியாகச் சரி செய்ய வேண்டும். மிதித்தவுடன் வரும் கொத்துப் புகைக்கு இந்த ஸ்க்ரூ மருந்தில்லை. பம்பின் தலையில் இருக்கும் பூஸ்ட் டயாபிரம்தான், டர்போ காற்று வந்த பிறகே கூடுதல் டீசலை விட வேண்டும். பிக்கப்புக்காக அதன் ஸ்பிரிங்கைத் தளர்த்தியிருப்பார்கள், பழைய இறுக்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பெரிய டர்போ மாட்டினால் எல்லாம் சரியாகும் என்பவர்களை நம்பாதீர்கள், அது சுற்ற நேரம் எடுக்கும், அதுவரை புகைதான்.

செலவு செய்ய மனமிருந்தால் டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் சூடு பார்க்கும் மீட்டர் ஒன்று மாட்டுங்கள். நீண்ட மேட்டில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்க விடாதீர்கள், அலுமினிய பிஸ்டன் தாங்காது.

எமிஷன் டெஸ்டில் வண்டியை நியூட்ரலில் வைத்து முடுக்கித்தான் பார்க்கிறார்கள். பிஎஸ் 3 வரையிலான டீசல் வண்டிக்கு 65, பிஎஸ் 4க்கு 50 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) வரம்பு. லோடு இல்லாத டெஸ்ட் என்பதால், பாஸான வண்டி மேட்டில் புகை விடாது என்று அர்த்தமில்லை. நாங்கள் சர்ட்டிஃபிகேட் வாங்கிய பிறகும் ஒருமுறை தொப்பூர் வரை பின்னால் போய்ப் பார்த்தோம். கியர் மாற்றும்போது லேசாக ஒரு சாம்பல் கீற்று, அவ்வளவுதான். செகண்ட் கியரில் முன்பு மாதிரி உதைப்பு இல்லை என்று மச்சான் இன்னும் முணுமுணுக்கிறார்.