திருகோணமலையில் ஒரு தொடர் கொலைக் கதை: முதன்முறையாகத் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு

மனைவியை இழந்த ஒரு பொலிஸ் அதிகாரி. ஊரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொலைகள். குறும்படம் எடுக்க ஆசைப்பட்டு என்னிடம் வரும் தம்பி தங்கச்சிமாரில் பாதிப் பேர் கொண்டுவருவது இந்தக் கதையைத்தான். குறை சொல்லவில்லை. நான் எழுதிய முதல் திரைக்கதையும் இதுவே. அதில் என் இன்ஸ்பெக்டர் பதினொரு காட்சிகளில் குடித்தார், நான்கு காட்சிகளில் மனைவியின் படத்தைப் பார்த்தார், மிச்சமிருந்த இரண்டில் கொலைகாரனைப் பிடித்தார். வாசித்து முடித்த நண்பன் கேட்டான்: "மனுசி உயிரோட இருந்திருந்தாலும் இவர் இதே ஆளைத்தானே பிடிச்சிருப்பார்? பிறகேன் அவவைச் சாகடிச்சாய்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. துயரம் விசாரணையின் போக்கை மாற்ற வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. மாற்றாவிட்டால் அது வெறும் தாடி. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சாதிப்பதற்காகத்தான். 15 நிமிடக் குறும்படத்துக்குப் போதுமான ஒரு கதையையும் கூடவே கட்டிக்கொண்டு போவோம்.

படி 1: இடத்தை விடுங்கள், ஒரு பொருளைத் தேடுங்கள்

திருகோணமலை என்றதும் எல்லோரும் கோணேசர் கோயிலுக்கு ஓடுவார்கள். இராவணன் வெட்டு, பாறை விளிம்பு, கீழே அலை, விழுகிற ஒரு பெண். பார்க்க அழகுதான், ஆனால் அது உல்லாசப் பயணி பார்க்கும் திருமலை. ஊர்க்காரர் தினமும் பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போன ஏதாவது ஒரு பொருள் வேண்டும்.

நான் எடுத்தது அஞ்சலிச் சுவரொட்டி. மின்கம்பத்திலும் மதிலிலும் பஸ் தரிப்பிடத்திலும் ஒட்டியிருக்குமே, அதுதான். நடுவில் ஒரு படம், சுற்றிவரப் பூ வேலைப்பாடு, ஒரு பக்கம் தோற்றம், மறுபக்கம் மறைவு. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் தெரிந்த முகமா என்று ஒரு தரம் பார்ப்போம், பஸ் வந்ததும் மறந்துவிடுவோம்.

இப்போது இதை ஒரு அடி நகர்த்துங்கள். விடிய எழும்பிப் பார்த்தால், ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஒரு முதியவரின் சுவரொட்டி மதிலில் ஒட்டியிருக்கிறது. அயலவர்கள் பதறி அவர் வீட்டுக்குப் போகிறார்கள். பந்தல் இல்லை, வெள்ளைக்கொடி இல்லை, கதவு பூட்டியிருக்கிறது. உடைத்துத் திறந்தால் அவர் உள்ளே இறந்து கிடக்கிறார். அதுவரை அவர் செத்தது ஒருவருக்கும் தெரியாது. அப்படியானால் அந்தத் தாளை ஒட்டியவர் யார்?

உங்கள் பொருள் வேறாக இருக்கலாம். கரைவலை இழுக்கிறவர்களின் கயிறு, கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் யாரோ விட்டுப்போன வாளி, எதுவானாலும் சரி. "அப்படியானால் யார்?" என்ற கேள்வி தானாக எழுந்தால் பொருள் சரியானது.

படி 2: கொலையாளியின் முத்திரை

கொல்லும் முறை வேறு, முத்திரை வேறு. தொடக்கத்தில் நிறையப் பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கழுத்தை நெரிப்பது முறை. அது தேவைக்கு ஏற்ப மாறும், கொலையாளி அனுபவத்தில் திருத்திக்கொள்வான். கொலைக்குத் தேவையே இல்லாமல், தன் மனத்துக்காக அவன் செய்வது முத்திரை. நம் கதையில் அந்தச் சுவரொட்டிதான் முத்திரை. அது இல்லாமலும் கொன்றிருக்கலாம்; ஒட்டாமல் அவனால் இருக்க முடியாது.

எத்தனை கொலை வேண்டும்? பத்துப் பன்னிரண்டு தேவையில்லை. அமெரிக்காவின் எஃப்பிஐ 2005இல் நடத்திய கருத்தரங்கில் எட்டிய வரையறைப்படி, வெவ்வேறு சம்பவங்களில் இரண்டு பேரைக் கொன்றாலே தொடர் கொலைதான். 15 நிமிடத்துக்கு இரண்டு உடல், மூன்றாவதற்கு ஒரு மிரட்டல். போதும்.

இனி ஆள். இரவில் பசை வாளியைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போய்ச் சுவரொட்டி ஒட்டுகிறவன். அவனை யாரும் பார்ப்பதில்லை; பார்த்தாலும் அவன் கையில் இருக்கும் தாளைத்தான் பார்ப்பார்கள். செத்தால் நோட்டீஸ் அடிக்க ஆளில்லாதவர்களைத் தேடித்தேடிக் கொன்று, அவர்களுக்கு ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறான். கீழே "இவ்வண்ணம், ஊரவர்" என்று போடுகிறான். ஏன் இப்படி ஆனான் என்பதற்கு நான் ஒரே ஒரு வசனம்தான் வைத்திருக்கிறேன். சின்ன வயதுக் கொடுமைகளைக் கறுப்பு வெள்ளையில் காட்டும் வேலையை அடுத்த தலைமுறைக்கு விட்டுவிடுவோம்.

ஒரு நேர்மை மட்டும் வேண்டும். முதல் இரண்டு நிமிடத்துக்குள் அந்தச் சைக்கிள் ஒரு தரம் திரையைக் கடந்து போக வேண்டும். கடைசியில் புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து "இவன்தான்" என்றால் பார்க்கிறவர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள். நியாயம்தானே.

படி 3: துயரத்தைத் துப்புக்குள் வையுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். எனக்கு மூன்று கிழமை பிடித்தது.

முதலில், துயரம் ஒரு செயலாகத் தெரிய வேண்டும். நம் இன்ஸ்பெக்டரின் மனைவி இறந்து நாற்பது நாள். 31ஆம் நாள் கிரியைகளும் முடிந்துவிட்டன. அவர் அழுவதில்லை, குடிப்பதில்லை. வேலைக்கு மட்டும் சுற்றுப்பாதையால் போகிறார். ஏனென்று படத்தில் யாரும் சொல்வதில்லை. அயலவர்கள் ஒட்டிய மனைவியின் அஞ்சலிச் சுவரொட்டி நேர்வழியில் இருக்கும் மதிலில் இருக்கிறது. அந்தத் தாளை அவர் ஒரு நாள்கூட வாசித்ததில்லை.

அடுத்து, அந்தச் செயலுக்கு விசாரணையில் ஒரு விலை இருக்க வேண்டும். முதல் கொலையின் சுவரொட்டியும் அதே மதிலில்தான் ஒட்டப்பட்டிருந்தது. நேர்வழியால் போயிருந்தால் அன்று காலையே கண்டிருப்பார். அரை நாள் பிந்திவிட்டது.

பிறகு துப்பு. கொலையாளி ஒட்டும் தாள்களின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "துயர் பகிற்கின்றோம்." பகிர்கின்றோம் என்றுதான் வர வேண்டும். அச்சகத்தில் யாரோ ஒரு காலத்தில் தட்டெழுதி வைத்த மாதிரிக் கோப்பில் இருந்த பிழை, பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றி மாற்றி அடிப்பதால் எல்லாத் தாளிலும் தொடர்ந்து வருகிறது. மனைவியின் சுவரொட்டியிலும் அதே றகரம்.

அவருக்கு மேலே இருக்கும் பொறுப்பதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர் மேசைக்குப் போவது சிங்கள மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்ததும் எழுத்துப் பிழை காணாமல் போய்விடும். முறைப்பாட்டைத் தமிழில் சொல்லி, சிங்களத்தில் எழுதியதற்குக் கையெழுத்து வைத்துவிட்டு வந்த அனுபவம் இங்கே பலருக்கு உண்டு. இந்த இடம் அவர்களுக்கு உடனே விளங்கும். அந்த நிலையத்தில் பிழையைக் காணக்கூடிய ஒரே ஆள் நம் இன்ஸ்பெக்டர். அவரோ அந்தத் தாள் இருக்கும் தெருவுக்கே போவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். போரிலும் 2004 டிசெம்பர் 26 கடற்கோளிலும் ஆட்களைப் பறிகொடுத்த ஊர் இது. 'மறைவு' என்ற இடத்தில் திகதி போட முடியாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அதை மட்டுமே சொல்லுங்கள். கொலைப் படத்துக்குச் சோகம் கூட்டும் மசாலாவாக அதை எடுக்காதீர்கள்.

படி 4: பொலிஸ் வேலை பொலிஸ் வேலையாக இருக்கட்டும்

இந்தியப் படம் பார்த்துப் பார்த்து, நம் ஆட்கள் 'கமிஷனர்' என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே கான்ஸ்டபிள், சார்ஜன்ட், சப் இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர் என்று மேலே போகும். நிலையத்துக்கு ஒரு பொறுப்பதிகாரி. சந்தேக மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ வருவார்; உடற்கூற்றுப் பரிசோதனை சட்ட வைத்திய அதிகாரியின் வேலை. இன்ஸ்பெக்டர் உடலைத் தொட்டுப் பார்த்து நேரம் சொல்ல மாட்டார்.

ஆனால் எழுதுகிற உங்களுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இறந்து இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் உடல் விறைக்கத் தொடங்கும், பன்னிரண்டு மணித்தியாலம் அளவில் முழுதாக விறைத்துவிடும், பிறகு மெல்லத் தளரும். நம் வெக்கையில் எல்லாமே இன்னும் வேகமாக நடக்கும். இந்தக் கணக்கை வைத்து ஒரு திருப்பம் செய்யலாம்: விடியப்புறம் பார்க்கும்போது சுவரொட்டியின் பசை முழுதாகக் காய்ந்துவிட்டது, உடலோ இன்னும் விறைக்கவே தொடங்கவில்லை. அதாவது ஆள் உயிரோடு இருக்கும்போதே தாள் ஒட்டப்பட்டுவிட்டது.

சட்டத்திலிருந்து இன்னொரு உதவியும் கிடைக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்தவரைச் சாதாரணமாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். எழுத்துப் பிழையைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் அச்சக உரிமையாளரைக் கைது செய்கிறார். தவறான ஆள். கடிகாரம் ஓடுகிறது. "ஆர் ஓடர் தந்தது?" என்று அவரை எத்தனை தரம் கேட்டாலும் ஒட்டுகிறவனின் பெயர் வருவதில்லை. ஏனென்றால் குடும்பங்களுக்காக ஓடர் கொண்டுவருகிறவனை அவர் வாடிக்கையாளராகவே நினைத்ததில்லை. துப்பு கடை வரைக்கும் கொண்டுபோக வேண்டும், ஆளைக் கையில் கொண்டுவந்து தரக்கூடாது.

படி 5: காலத்தையும் கடலையும் சரிபாருங்கள்

நான் வெட்கப்பட்ட கதை இது. நிலாவெளிக் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் மறைகிற காட்சி ஒன்றை எழுதி, ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய், கமெராவையும் பூட்டி நின்றேன். சூரியன் முதுகுப் பக்கம் மறைந்தது. கிழக்குக் கரையில் பிறந்து வளர்ந்தவன் நான்! டச்சுக் குடாவில் விடியலை எடுங்கள், மாலை வெளிச்சத்துக்கு உட்துறைமுகப் பக்கம் வாருங்கள். நகரம் இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு நடுவில் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் எடுக்கலாம்.

கதை நடக்கும் ஆண்டும் முக்கியம். திருமலைப் பக்கத்தையும் கிண்ணியாவையும் இணைக்கும் கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் நடக்கும் கதையென்றால் உங்கள் ஆள் அக்கரைக்கு ஏற்றிப்போகும் படகுப் பாதை (மிதவை) வரும்வரை காத்து நிற்க வேண்டும். 396 மீற்றர்ப் பாலம் வந்தபிறகு அந்தக் காத்திருப்பு இல்லை. கொலையாளி "நான் அப்போது அக்கரையில் நின்றேன்" என்று சொல்வதன் பலமே இதில் மாறிவிடும்.

நம் கதை ஒக்டோபருக்குப் பிறகு, மாரி மழையில் நடக்கிறது. மழை சுவரொட்டியை உரித்துவிடும், அடியில் இருக்கும் பழைய தாள் தெரியும். அதுதான் அடுத்த படி. மான்களையும் மறக்காதீர்கள். நகரத்துக்குள் குப்பையைக் கிளறித் திரியும் அந்தப் புள்ளி மான்களில் ஒன்று, கோதுமை மாப் பசைக்கு ஆசைப்பட்டு ஆதாரத்தைத் தின்று முடிப்பதாக ஒரு காட்சி வைத்தேன். சிரிப்பு வரும், அடுத்த நொடி வயிற்றைப் பிசையும்.

படி 6: ஒரு காட்சியை முழுதாக எழுதிப் பாருங்கள்

எல்லாக் காட்சியையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். கதையின் நடு ஆணி எதுவோ அதை முதலில் எழுதுங்கள். என்னுடையது இது:

காட்சி 9. வெளி. மதிலடி. விடியப்புறம்.

மழை விட்டிருக்கிறது. கொலையுண்டவரின் சுவரொட்டி பாதி உரிந்து தொங்குகிறது. அடியில் ஒரு பெண்ணின் படம். இன்ஸ்பெக்டர் நான்கு அடி தள்ளி நிற்கிறார். சார்ஜன்டின் கையில் டோர்ச்.

சார்ஜன்ட்: சேர், கீழ இருக்கிறது யாரு?

பதில் இல்லை.

சார்ஜன்ட்: எனக்கு தமிழ் வாசிக்க ஏலாது சேர். கொஞ்சம் வாசிங்க.

இன்ஸ்பெக்டர்: (கிட்ட வந்து) "அன்னாரின் பிரிவால் வாடும் குடும்பத்தாருடன்... துயர் பகிற்..."

நிறுத்துகிறார். உரிந்த தாளைப் பிடித்து, இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்.

இன்ஸ்பெக்டர்: றானா.

சார்ஜன்ட்: என்ன சேர்?

சார்ஜன்ட் படத்தையும் இன்ஸ்பெக்டரின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். டோர்ச்சை அணைக்கிறார்.

கவனியுங்கள், "இது என் மனைவி" என்று ஒருவரும் சொல்லவில்லை. டோர்ச்சை அணைப்பது முதல் பிரதியில் இல்லை. அதற்குப் பதில் இன்ஸ்பெக்டர் மதிலில் தலையை முட்டி அழுதார். சத்தமாக வாசித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது, வெட்டிவிட்டேன்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அது ஆங்கிலத் திரைக்கதையின் எழுத்துருவுக்கும் பக்க அமைப்புக்கும் வந்த கணக்கு. தமிழில் எழுதினால் கைபேசியில் நேரம் வைத்து, நடித்து வாசித்துப் பாருங்கள். மேலே உள்ளது எனக்கு ஒன்றரை நிமிடம் வந்தது.

இந்தக் காட்சி நின்றுவிட்டால் முடிவு தானாக வரும். 24 மணித்தியாலம் முடிகிற நேரம் இன்ஸ்பெக்டர் முதன்முறையாக நேர்வழியால் வீட்டுக்கு நடக்கிறார். மதிலில் புதிய தாள், பசை இன்னும் ஈரம். தனியாக இருக்கும், அடுத்து நோட்டீஸ் அடிக்க ஆளில்லாத ஒருவரின் படம். இன்ஸ்பெக்டருடைய படம்தான். மறைவு என்ற இடத்தில் நாளைய திகதி.

படி 7: படம் பிடிக்கப் போகும்போது

பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், துறைமுகப் பக்கம் கடற்படை. அனுமதி இல்லாமல் கமெராவைத் தூக்காதீர்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். பொலிஸ் சீருடையில் நடிகரைத் தெருவில் நடக்க விட்டால் உண்மையான பொலிஸ் வரும். இன்ஸ்பெக்டருக்குச் சாதாரண சேட்டும் காற்சட்டையும் போதும்.

சுவரொட்டி விசயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒத்திகைக்கு எங்கள் நண்பன் ஒருவனின் படத்தைப் போட்டுப் பன்னிரண்டு தாள் அடித்து, பின்னேரம் ஒழுங்கையில் ஒட்டினோம். அரை மணித்தியாலம் ஆகவில்லை, அவனுடைய மாமி தலைமுடி அவிழ்ந்தபடி ஓட்டோவில் வந்து இறங்கினார். அவன் மதிலில் சாய்ந்து பணிஸ் தின்றுகொண்டு நின்றான். மாமி முதலில் அவனைக் கட்டிப்பிடித்தார், பிறகு செருப்பைக் கழற்றினார்.

அன்றிரவே எல்லாவற்றையும் உரித்து எடுத்து எண்ணினோம். பதினொன்றுதான் இருந்தது.