மகளுக்குக் கொழும்பில் அறை பார்த்த கதை

மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததும் கிளிநொச்சியில் எல்லோரும் சொன்ன இடம் வெள்ளவத்தை. நம் சனம், கோயில், கடை எல்லாம் உண்டு, முற்பணம்தான் எட்டவில்லை. வெல்லம்பிட்டியில் மலிவாக ஓர் அறை இருந்தது. எங்கள் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் எந்த வயல் மூழ்கும் என்று தெரிந்தவன் நான். 2016 மே மாதம் களனி கங்கை அந்தப் பக்கத்தை மூழ்கடித்ததை மறப்பேனா? சுவரின் புதுப் பூச்சு வேறு சந்தேகத்தைக் கிளப்பியது. வேண்டாம் என்றேன்.

பிறகு கரையோர ரயில் பாதை வழியே தெற்கே தேடினோம். தெஹிவளையில், நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், மாடியறை கிடைத்தது. இருட்டிய பிறகு அந்த ஒழுங்கையில் நானே நடந்து பார்த்தேன்: தெருவிளக்கு எரிந்தது, மூலைக்கடை திறந்திருந்தது, பெண்கள் தனியாக வந்துபோனார்கள். மின்கட்டணம் தனியா என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு, முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டும் வாங்கிய பிறகே பெட்டியை இறக்கினோம்.