மாரினா பே இரவுப் பந்தயம்: ஆள் அமர்த்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் மாரினா பேயில் நடக்கும் ஃபார்முலா 1 கார் பந்தய வாரத்துக்கு ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்ததும் ஒப்பந்தக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேர்?" தவறு அங்கேயே தொடங்குகிறது. நாற்பது பேர் என்று எழுதினால் தாளில் கணக்கு நிற்கும். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால் சிலர் சாப்பாட்டு வரிசையில், சிலர் வேறு வாயிலில், ஒருவர் தலைசுற்றி முதலுதவிக் கூடாரத்தில் இருப்பார்கள். எந்த இடத்தில், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, அவர் ஓய்வுக்குப் போனால் அங்கே நிற்பது யார், வேலை முடிந்து வீட்டுக்கு எப்படிப் போவார் என்ற நான்குக்கும் விடை எழுதினால் தலைக்கணக்கு தானாக வந்துவிடும்.

"பந்தயம் எட்டு மணிக்கு, பத்து மணிக்கு முடிந்துவிடும்" என்று நம்பி ரோஸ்டர் (பணிநேர அட்டவணை) போடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. சுற்றுப்பாதை ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர், 62 சுற்று. இரண்டு மணி நேர வரம்பும் உண்டு. ஆனால் வரம்பு பந்தயத்துக்குத்தான், மழைக்கு இல்லை. 2022இல் கனமழையால் தொடக்கமே 65 நிமிடம் தள்ளிப்போய், பந்தயம் முடிய இரவு பதினொன்று தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு பாடாங் திடலில் இசை நிகழ்ச்சி, கூட்டம் கலைவது, குப்பை அள்ளுவது எல்லாம் இருக்கிறது. வேலை நியமனச் சட்டத்தின் வேலைநேர விதிகளுக்கு உட்பட்ட ஊழியரை, மிகைநேரம் சேர்த்தாலும் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காலை 11 மணிக்கு வந்தவர் இரவு 11 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். கூட்டம் வெளியே வரும் அதே நேரம்!

ஆகவே ஞாயிற்றுக்கிழமையை இரண்டாகப் பிரியுங்கள்: காலை 10 முதல் மாலை 6.30 வரை ஓர் அணி, மாலை 5.30 முதல் பின்னிரவு 1.30 வரை இன்னோர் அணி. நடுவில் ஒரு மணி நேரம் இரண்டு அணியும் சேர்ந்திருக்கட்டும். வாக்கி-டாக்கி கைமாற, வாயிலைச் சுற்றிக் காட்ட, வரிசையில் என்ன சிக்கல் என்று சொல்ல அந்த நேரம் தேவை. இரவு 7 முதல் 8.30 வரை எந்தக் காரணத்துக்காகவும் ஆள் மாற்றாதீர்கள். எல்லாரும் இருக்கை தேடி ஓடும் நேரம் அது. ஞாயிறு இரவு நின்றவரைத் திங்கள் காலை பிரித்தெடுக்கும் வேலைக்கும் எழுதுவது பெருந்தவறு. தூக்கமில்லாதவர் கையில் இரும்புச் சட்டத்தைக் கொடுக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

"இரவுதானே, வெயில் இல்லையே" என்ற நினைப்பைத்தான் நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். நம் தீவில் பொழுது சாய்ந்தாலும் ஈரப்பதம் இறங்காது. வேர்வை உலராது, உலராத வேர்வை உடலைக் குளிர்விக்காது. ஒரு பக்கம் கான்கிரீட் தடுப்பு, மறுபக்கம் பார்வையாளர் மேடை என்றால் காற்றும் இல்லை. 2025 சிங்கப்பூர் பந்தயத்தில்தான் உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ முதன்முறையாக 'வெப்ப அபாயம்' என்று அறிவித்தது. காரோட்டிகளுக்குக் குளிரூட்டும் உடை இருக்கிறது. வாயிலில் நிற்கும் அக்காவுக்கு இல்லை.

பந்தய நாளைவிட மேடை கட்டும் நாள்கள் கொடியவை, ஏனென்றால் அது பகல்வேலை. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்பு செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33ஐத் தொட்டால் 15 நிமிடம் என்பது மனிதவள அமைச்சின் விதி. இந்த விதியைச் சுவரில் ஒட்டிவிட்டு மாற்று ஆள் வைக்காமல் விடுவதால் ஓய்வு ஏட்டில் மட்டும் இருக்கிறது. கணக்கு எளிது. பத்து நிமிட ஓய்வு என்றால் ஐந்து பேரை ஒருவர் முறைவைத்து மாற்றிவிட்டு, மீதிப் பத்து நிமிடம் தாமும் ஓய்வெடுக்கலாம். ஐந்துக்கு ஆறாவது ஆள் தேவை. பதினைந்து நிமிடம் என்றால் மூன்றுக்கு நான்காவது ஆள். வாயிலில் நிற்பது கடும் உழைப்பு இல்லை என்றாலும் இதே கணக்கைப் பின்பற்றச் சொல்வோம். குளிர்சாதன அலுவலகத்திலிருந்து வந்தவரை முதல் நாளே முழுநேரம் வெளியில் நிறுத்தாதீர்கள். உடல் பழகக் குறைந்தது ஏழு நாள் வேண்டும்.

தண்ணீர்: ஒருவருக்கு மணிக்கு 300 மில்லிலிட்டர். பத்து மணி நேரத்துக்கு 3 லிட்டர். நாற்பது பேருக்கு 120 லிட்டர், அதாவது அரை லிட்டர் போத்தல் 240, இருபத்துநான்கு போத்தல் கொண்ட பெட்டி பத்து. இவை ஒவ்வொரு நாளும், சாலை மூடுவதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். ஒரே கூடாரத்தில் குவித்து வைத்தால் யாரும் இடத்தை விட்டு வந்து குடிக்கமாட்டார்கள். நிற்கும் இடத்துக்கே போக வேண்டும்.

இடி மின்னலில் நடக்கும் தவறு வேறு மாதிரி. மழை வந்ததும் ஊழியர்கள் கூடாரத்துக்குள் ஒதுங்குவார்கள். கூடாரம் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. அதன் கால்கள் உலோகம். கட்டடம் அல்லது உலோகக் கூரையோடு முழுதும் மூடிய வாகனம் மட்டுமே தஞ்சம். ஒவ்வொரு நிலைக்கும் அருகிலுள்ள கட்டடத்தை ரோஸ்டரிலேயே எழுதிவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் புகைமூட்டமும் வரலாம் என்பதால் என்95 முகக்கவசம் ஒரு பெட்டி கையில் இருக்கட்டும்.

பாதையில் கார்கள் ஓடத் தொடங்கிவிட்டால் நகரமே துண்டு துண்டாகிவிடும். எஸ்பிளனேட் டிரைவ், செயின்ட் ஆண்ட்ரூஸ் ரோடு, ஆண்டர்சன் பாலம் எல்லாம் பந்தயப் பாதை. மேம்பாலமோ சுரங்க நடைபாதையோ வழியாகத்தான் குறுக்கே போக முடியும். "சிட்டி ஹால் எம்ஆர்டியில் எல்லாரும் கூடுவோம்" என்று சொல்வது பாடாங் பக்கம் வேலை உள்ளவர்களுக்குச் சரி. பிட் கட்டடப் (பந்தய அணிகளின் கார் கொட்டகைகள் உள்ள கட்டடம்) பக்கம் போகிறவரை அங்கே வரச் சொன்னால் அரைமணி நேரத்துக்கு மேல் அலைவார். அவருக்கு ப்ரோமனாட் அல்லது நிக்கல் ஹைவே நிலையம். நுழைவு அட்டையில் பெயரும் படமும் இருக்கும், பகுதியும் குறித்திருக்கும். நோய்வாய்ப்பட்டவருக்குப் பதில் அவர் தம்பியை அனுப்ப முடியாது. நாற்பது இடத்துக்கு நாற்பத்தாறு பேருக்காவது முன்பே அட்டை எடுத்து வையுங்கள்.

ஆள் தேடும்போது சட்டத்தை மிதிப்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் மிதிக்கிறார்கள். சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருக்கும் நண்பர், "நம்ம பையன்கள் ரெண்டு பேர அனுப்புறேன்" என்பார். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் அதில் உள்ள முதலாளிக்கு, அதில் உள்ள வேலையை மட்டுமே செய்யலாம். மூன்று நாள் உதவிக்காக அந்தப் பையனின் சீட்டே பறிபோகலாம். வெளிநாட்டு மாணவர் என்றால், அவர் படிக்கும் நிறுவனம் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தாலும் பாடத் தவணையில் வாரம் 16 மணி நேரம்தான். சிங்கப்பூரர், நிரந்தரவாசி யாருக்கும் மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டினால் முதலாளியின் மத்திய சேமநிதிச் (மசே நிதி) சந்தா கட்டாயம். மூன்று நாள் வேலைதானே என்பது விலக்கு இல்லை.

சாப்பாட்டில் பலர் ஹலால் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தப் பந்தயம் பெரும்பாலும் புரட்டாசியில் வருகிறது! 2025இல் அக்டோபர் 4 புரட்டாசிச் சனிக்கிழமை. 2026இல் பந்தயம் அக்டோபர் 9 முதல் 11 வரை, நடுவில் இன்னொரு புரட்டாசிச் சனி. நம்மவர்களில் பலர் அந்த மாதம் முழுதும் சைவம். சைவப் பொட்டலம் ஐந்து போதும் என்று எழுதினால் ஏழெட்டுப் பேர் பிஸ்கட்டோடு இரவைக் கழிப்பார்கள். பெயர்ப்பட்டியலில் சாப்பாட்டுக்கென்று ஒரு கட்டம் சேர்த்து, ஒவ்வொருவரையும் கேட்டு நிரப்புங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த உணவு இந்த வெக்கையில் சீக்கிரம் கெடும்; இரவுச் சாப்பாட்டை மதியமே இறக்கி வைக்காதீர்கள்.

கூட்டத்தைப் பார்க்க நிறுத்தியவர் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்தான தவறு. 2015இல் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பார்வையாளர் வேலி இடைவெளி வழியாகப் பாதையில் இறங்கி நடந்தார்; பந்தயக் கார்களை மெதுவாக்கும் பாதுகாப்புக் கார் வர வேண்டியதாயிற்று. பாதை ஓரத்தில் கொடி காட்டும் மார்ஷலுக்குப் பயிற்சி உண்டு, அவர் பாதைக்கு முதுகு காட்டமாட்டார். அதேபோல வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நம் ஆள் கூட்டத்துக்கு முதுகு காட்டக் கூடாது. நாற்காலியைப் பாதைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிப் போடுவதே பாதி வேலையைச் செய்யும். பாதைக்குள் உடும்பு புகுந்தாலும் (2016, 2023 இரண்டிலும் புகுந்தது) துரத்திக்கொண்டு ஓடாமல் வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும்.

காதடைப்பான் கொடுத்தால் மட்டும் போதாது, போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. 100 டெசிபலில் அது 15 நிமிடமாகச் சுருங்கிவிடும். நுரை அடைப்பானை விரலால் உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காதை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்துச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பிறகு வீடு. பந்தய நாள்களில் ரயில் நேரம் நீட்டிக்கப்படும், ஆனால் அது பார்வையாளருக்காக. 1.30க்கு முடிப்பவருக்கு ரயில் இருக்கும் என்று எண்ணாதீர்கள். டாக்சியும் மூடிய சாலைக்குள் வராது. உட்லண்ட்ஸ், ஜூரோங், தெம்பனிஸ் என்று வழிவாரியாகப் பேருந்து பேசி, மூடிய சாலைகளுக்கு வெளியே நிறுத்துமிடத்தைப் பகலிலேயே நடத்திக் காட்டுங்கள். வரும்போது பெயரைச் சரிபார்த்த அதே பட்டியலோடு மேற்பார்வையாளர் பேருந்துக் கதவருகே நிற்க வேண்டும். கடைசிப் பெயருக்கு எதிரே குறி விழாமல் பேருந்து கிளம்பக் கூடாது.