தண்டர் பே குளிரில் உணவு டெலிவரி: முதல் ஆர்டருக்கு முன் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு செப்டம்பரிலும் கனடாவின் தண்டர் பே நகரில் உள்ள லேக்ஹெட் பல்கலைக்கழகத்துக்கும் கான்ஃபெடரேஷன் கல்லூரிக்கும் படிக்க வரும் நம் பிள்ளைகள் பலருக்குக் கையில் கிடைக்கும் முதல் வேலை ஆப் டெலிவரிதான். டொரொண்டோவில் இருக்கும் நண்பர்கள் அதை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் தண்டர் பே டொரொண்டோ இல்லை. சாலை வழியே அங்கிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஒன்டாரியோ மாகாணத்தில், சுப்பீரியர் ஏரியின் வடமேற்குக் கரை. ஜனவரியில் மைனஸ் 30 என்பது இங்கே அதிசயம் இல்லை. நான் இந்த ஊரில் இந்த வேலையைச் செய்கிறேன். புதிதாக வருபவர்கள் குளிர் தொடங்கும் முன்பே தயாராகிவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஆப்பில் பதிவு செய்வது, பின்னணிச் சோதனை, வங்கிக் கணக்கு இணைப்பது எல்லாம் திரையே சொல்லித்தரும். நேரே காருக்குப் போவோம்.

படி 1: பிளாக் ஹீட்டர்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

பிளாக் ஹீட்டர் என்பது எஞ்சினுக்குள் இருக்கும் கூலன்ட்டைச் சூடாக்கும் மின்கருவி. வீட்டு மின்சாரத்தில் ஓடும். கடுங்குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகிவிடும், பேட்டரியின் பலமும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். அதாவது எஞ்சினைச் சுழற்ற அதிக பலம் தேவைப்படும் நேரத்தில்தான் பலம் குறைவாக இருக்கும். ஹீட்டர் அந்தச் சுமையைக் குறைக்கிறது.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. தெற்கு ஒன்டாரியோவிலிருந்து வாங்கி வரும் பழைய கார்கள் பலவற்றில் ஹீட்டரே இருக்காது. காரின் முன்பக்கக் கிரில்லிலோ பானெட்டுக்கு அடியிலோ மூன்று முனைப் பிளக் ஒன்று தொங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அக்டோபருக்குள் மெக்கானிக்கிடம் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கடுங்குளிர் வந்த பிறகு போனால் எல்லா கராஜிலும் வரிசை நிற்கும்.

பிளக் இருக்கிறது, சரி. அது வேலை செய்கிறதா? கார் விற்பவர் "இருக்கிறது" என்று சொல்வது போதாது. ஒரு மல்டிமீட்டரை எடுத்து, பிளக்கின் இரண்டு தட்டை முனைகளுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். சின்ன கார்களில் ஹீட்டர் பெரும்பாலும் 400 முதல் 600 வாட் இருக்கும். இங்கே மின்னழுத்தம் 120 வோல்ட் என்பதால் ஏறத்தாழ 24 முதல் 36 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் ஒயரோ ஹீட்டரோ அறுந்திருக்கிறது. முதலில் ஒயரைச் சந்தேகப்படுங்கள். உப்பும் ஈரமும் படும் இடத்தில் தொங்குவது அதுதான், மாற்றுவதற்குச் செலவு குறைவானதும் அதுதான்.

தட்டை முனைக்கும் உருண்டையான எர்த் முனைக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. காட்டினால் அந்த ஹீட்டரைச் சொருகவே வேண்டாம்.

அப்புறம், எக்ஸ்டென்ஷன் கார்டு. வீட்டுக்குள் விளக்குக்குப் பயன்படுத்தும் மெல்லிய கார்டு கூடாது. வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்று எழுதியிருக்க வேண்டும், 14 கேஜ் அல்லது அதைவிடத் தடிமனாக இருக்க வேண்டும், குளிரில் விறைக்காத உறை இருக்க வேண்டும். கனடியன் டயர் கடையில் கிடைக்கும். இதில் மட்டும் மலிவானதைத் தேடாதீர்கள். கார்டும் ஹீட்டர் பிளக்கும் சேரும் இடம் பனியில் கிடக்கக் கூடாது. உருகிய நீர் உள்ளே போனால் வெளிச்சுவர் சாக்கெட் தானாகவே துண்டித்துக்கொள்ளும். நீங்கள் ஹீட்டர் ஓடுகிறது என்று நம்பித் தூங்குவீர்கள், காலையில் கார் கிளம்பாது.

இரவு முழுக்கச் சொருகி வைக்கத் தேவையில்லை. கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு போதும். வெளிப்புற டைமர் ஒன்று வாங்கி மாலை 5 மணி வேலைக்கு 2 மணிக்கு ஓடும்படி வைத்துவிடுங்கள். 500 வாட் ஹீட்டர் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்தான் எடுக்கும். கிளம்பும்போது கார்டை மறக்காமல் இருக்க, அதன் நடுப்பகுதியை ஓட்டுநர் பக்க மிரரின் மேல் ஒரு சுற்றுப் போட்டு விடுங்கள். கதவைத் திறக்கும்போதே கண்ணில் படும்.

வாடகை வீடு பார்ப்பவர்களுக்கு: கையெழுத்துப் போடும் முன், நிறுத்துமிடத்தில் மின் சாக்கெட் உண்டா, அதை நான் பயன்படுத்தலாமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இந்த வேலை செய்பவருக்கு அது சமையலறை அளவுக்கு முக்கியம்.

படி 2: டயர்

ஒன்டாரியோவில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம் இல்லை. அதனால் நான்கு பருவ டயரே போதும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். ஊரின் வடபகுதியான போர்ட் ஆர்தர் பக்கம் ரெட் ரிவர் ரோடு ஏரியை நோக்கிச் சரிந்து இறங்குவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் பொறித்த டயர் நான்கையும் போடுங்கள். முன்னால் மட்டும் இரண்டு போடுவது ஆபத்து, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வரும். என் விருப்பம் பின்லாந்துக்காரர்களின் நோக்கியன் ஹக்காபெலிட்டா. புதிதாக வாங்கப் பணம் இல்லையென்றால் ரிம்மோடு சேர்ந்த பழைய செட் தேடுங்கள், ஒவ்வொரு பருவத்துக்கும் மாற்றும் கூலி மிச்சமாகும். குளிர்கால டயர் போட்டிருப்பதைக் காப்பீட்டுக் கம்பெனியிடம் சொன்னால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, 2016 முதல் அவர்கள் அதைத் தந்தாக வேண்டும்.

காற்றழுத்தத்தைக் குளிரிலேயே பாருங்கள். ஏறத்தாழ ஐந்தரை டிகிரி குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். பிளஸ் 15ல் கராஜுக்குள் நிரப்பியது மைனஸ் 30ல் எட்டு பிஎஸ்ஐ குறைந்து நிற்கும்.

படி 3: காப்பீட்டுக்காரருக்கு ஒரு போன்

சொந்தப் பயன்பாடு என்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு டெலிவரிக்குப் போய் விபத்து நடந்தால், கோரிக்கை மறுக்கப்படலாம். புரோக்கரை அழைத்து "உணவு டெலிவரி செய்யப் போகிறேன்" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள், பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ஆப் தரும் காப்பீட்டை மட்டும் நம்ப வேண்டாம். சாலை உதவித் திட்டம் எடுத்தால், டெலிவரி வேலையில் இருக்கும்போதும் செல்லுமா என்று அதையும் கேளுங்கள்.

படி 4: உடம்பும் போனும்

பருத்தி வேண்டாம். பருத்திச் சாக்ஸ் வியர்வையில் நனைந்தால் காயாது, கால் விறைத்துவிடும். கம்பளிச் சாக்ஸ், உள்ளே தனி உறை உள்ள பூட்ஸ். கைக்கு, தொடுதிரையில் வேலை செய்யும் மெல்லிய கையுறை, அதற்கு மேல் விரல் பிரியாத தடித்த கையுறை. காற்றுக் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40ஐத் தாண்டினால் ஐந்து முதல் பத்து நிமிடம்தான். ஒரு டெலிவரிக்கு இரண்டு நிமிடம்தானே வெளியே நிற்கிறோம் என்று தோன்றும். கார் நின்றுபோகும் நாளைக் கணக்கில் வைத்து உடுத்துங்கள்.

பூட்ஸுக்கு மேல் மாட்டும் பனி முள் நல்லது. ஆனால் உணவகத்தின் டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கிவிடும். வாசலில் கழற்றிவிடுங்கள்.

போன் பேட்டரி 40 சதவீதம் காட்டும்போதே குளிரில் பட்டென்று அணைந்துவிடும். வாசலில் வைத்த உணவைப் படம் எடுக்கும் நேரத்தில் அணைந்தால் அந்த ஆர்டரை முடிக்க முடியாது. அதனால் போன் வெளிச்சட்டைப் பையில் வேண்டாம், உள்சட்டைப் பையில் இருக்கட்டும். படம் எடுத்ததும் உள்ளே வையுங்கள். விறைத்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள், முதலில் காருக்குள் சூடாகட்டும்.

படி 5: எந்த ஆர்டரை எடுப்பது

ஒன்டாரியோவின் டிஜிட்டல் தளத் தொழிலாளர் உரிமைச் சட்டம் 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆர்டரை ஏற்றதிலிருந்து முடிக்கும்வரை உள்ள நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்கிறது அது. ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரம் அதில் சேராது. சின்ன ஊரில் நம் நேரத்தைத் தின்பது அந்தக் காத்திருப்புதான். இதை நான் நியாயம் என்று ஏற்கவில்லை. ஆனால் இப்போதைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மாலை 5 முதல் 8 வரையிலும் மட்டும் ஆப்பைத் திறப்பது நல்லது.

காக்கபெக்கா ஃபால்ஸ் பக்கம் போகும் ஆர்டர் பெரிய தொகை காட்டும். ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டர், திரும்பி வருவதற்கு யாரும் பணம் தருவதில்லை. டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும், நெடுஞ்சாலையில் மூஸ் மான் குறுக்கே வரும். இரவில் நான் எடுப்பதில்லை. இந்தப் பகுதியில் ஒரு சாலை அடைபட்டால் மாற்றுவழி இருக்காது. 2016 ஜனவரியில் தண்டர் பேக்குக் கிழக்கே உள்ள நிபிகானில் புதிதாகத் திறந்த பாலத்தின் தளம் தூக்கிக்கொண்டபோது, கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் நெடுஞ்சாலையே அங்கே நின்றுபோனது. ஊரைத் தாண்டும் முன், சாலை நிலவரம் சொல்லும் அரசுச் சேவையான 511 ஒன்டாரியோவைப் பாருங்கள்.

படிப்பு அனுமதியில் இருப்பவர்களுக்கு: கல்வி நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான். ஆப் டெலிவரியும் அந்தக் கணக்கில் வரும்.

படி 6: கணக்கு

நீங்கள் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர். யாரும் வரி பிடிக்க மாட்டார்கள். கிலோமீட்டர் பதிவேடு முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்: தேதி, எங்கே, எத்தனை கிலோமீட்டர். பெட்ரோல், டயர், காப்பீடு ஆகியவற்றில் வேலைக்கு ஓட்டிய பங்கைக் கழிக்க அதுதான் ஆதாரம். நான் தாள் நோட்டுதான் வைத்திருக்கிறேன், குளிரில் அது அணையாது. வருமான வரிப் படிவம் தர ஜூன் 15 வரை நேரம் உண்டு. ஆனால் கட்ட வேண்டிய பணத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30, அதைத் தாண்டினால் வட்டி. கனடா ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளியின் பங்கையும் நீங்களே கட்ட வேண்டும் என்பதால் ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள்.

பின்னர் சேர்த்தது

படித்தவர்கள் கேட்டவற்றில் இரண்டு முக்கியமானவை.

ஒன்று, சாப்பாட்டுப் பையை டிக்கியில் வைக்கலாமா? வேண்டாம். டிக்கி வெளிக்குளிரிலேயே இருக்கும். பின் இருக்கையில் வையுங்கள். குளிர்பானக் கேன் இருந்தால் வாசலில் வைத்ததும் வாடிக்கையாளருக்கு உடனே செய்தி அனுப்புங்கள், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும்.

இரண்டு, பனிக்குவியலில் சிக்கினால் எஞ்சினை ஓடவிட்டு உள்ளேயே இருக்கலாமா? முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை ஷவலால் முழுக்க அள்ளுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரும், அதற்கு வாசனை கிடையாது. அதை அள்ளிய பிறகும் ஒரு கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்து, எஞ்சினை விட்டு விட்டுத்தான் ஓடவிட வேண்டும். பனி விழுந்துகொண்டே இருந்தால் மறுபடி இறங்கி அள்ளுங்கள். ஷவல் டிக்கியில் வேண்டாம், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கிக் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும் இரவுகள் உண்டு.