அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் முதல் வீடு வாங்குகிறீர்களா? கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்பே விற்பனை ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்றுகொண்டு படித்தால் எதுவும் கண்ணில் படாது.

நகலில் உள்ள சர்வே எண், அளவு, நான்கு எல்லைகளை மூலப்பத்திரத்தோடும் பட்டாவோடும் ஒப்பிடுங்கள். உட்பிரிவு எண் மாறியிருந்தால் பின்னால் பிழைத்திருத்தல் பத்திரம் போட அலைய வேண்டும். 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். ஆனால் அதில் பதிவானவை மட்டுமே வரும். வாரிசுப் பங்கு கேட்டு நடக்கும் வழக்கு வராமல் போகலாம். அதனால் அசல் பத்திரங்களையும் வாரிசுச் சான்றையும் வக்கீலிடம் காட்டுவது நல்லது.

பலரும் விட்டுவிடுவது ஒரு வரி: ‘வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும்.’ இதை வற்புறுத்திச் சேர்க்கச் சொல்லுங்கள். பணத்தைக் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றமாகவே கொடுங்கள்; 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் இடம் தராது.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அடுக்குமாடியா? ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் கேட்கக் கூடாது. விலை 50 லட்சத்தைத் தொட்டால், 1 சதவீத டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் தொகையிலிருந்து பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு.