ஆன்லைன் நுழைவுப் படிவம் சிக்குகிறதா? ஒவ்வொரு பெட்டியாகச் சரிசெய்வோம்

மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தியா என எங்கே போவதானாலும் இப்போது விமானம் ஏறுவதற்கு முன்பே ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக வெளிநாடு போகிறவர்கள் பலர் இதில்தான் திணறுகிறார்கள். குடும்பப் பெயர், வீதி இலக்கம், பெற்றோர் பிறந்த ஊர் என்று படிவம் கேட்கிற விவரங்கள் நம் தேயிலைத் தோட்டத்து ஆவணங்களில் அதே வடிவத்தில் கிடைப்பதில்லை. எந்தப் பெட்டியில் எதைப் பார்த்து எழுதுவது என்று தெரிந்துகொண்டால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் தளமும் திகதியும்

மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றிலும் 'டிஜிட்டல் வருகை அட்டை' எனப்படும் இந்தப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. கார்ட் இலக்கம் கேட்டால் நீங்கள் தவறான தளத்தில் இருக்கிறீர்கள், உடனே வெளியே வந்துவிடுங்கள். கூகுளில் தேடும்போது மேலே விளம்பரமாக வருகிறவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். முகவரியின் முடிவைப் பாருங்கள்: மலேசியாவுக்கு 'கவ் டாட் எம்வை', சிங்கப்பூருக்கு 'கவ் டாட் எஸ்ஜி', தாய்லாந்துக்கு 'ஜிஓ டாட் டிஎச்', இந்தியாவுக்கு 'கவ் டாட் ஐஎன்'.

இந்த அட்டை விசா ஆகாது. விசா தேவைப்படுகிற நாட்டுக்கு அதைத் தனியாக எடுக்க வேண்டும். இந்தியாவும் 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டவர்களுக்கு இ-அரைவல் கார்ட் கொண்டுவந்திருக்கிறது. அது விசாவுக்கு மேலதிகமாக நிரப்ப வேண்டியது.

காலண்டரில் உங்கள் பயணத் திகதியைத் தெரிவுசெய்ய முடியவில்லையா? அநேகமாக அளவுக்கு முந்தியே திறந்துவிட்டீர்கள். இந்த அட்டைகளைப் போய் இறங்குவதற்கு முந்திய 3 நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும். இன்னொன்று, படிவம் கேட்பது இறங்கும் திகதி. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரவு 11 மணிக்கு மேல் ஏறினால் கோலாலம்பூரில் இறங்குவது மறுநாள். அங்கேயும் சிங்கப்பூரிலும் கடிகாரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் 'அரைவல்' என்று இருக்கும் திகதியை அப்படியே போடுங்கள்.

பெயர்

நிதானமாகச் செய்ய வேண்டிய பெட்டி இதுதான். நம் ஆட்களில் ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருப்பது சாதாரணம். பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியதால் 'மாரிமுத்து' என்ற பெயர் ஒன்றில் 'டிஎச்' போட்டும் இன்னொன்றில் வெறும் 'டி' போட்டும் இருக்கும். நுழைவுப் படிவத்துக்கு இதில் பாஸ்போர்ட் மட்டும்தான் கணக்கு. அதில் பிழையாகவே அச்சாகியிருந்தாலும் அந்தப் பிழையோடுதான் எழுத வேண்டும். விமான டிக்கெட்டில் எழுத்து மாறியிருந்தால் டிக்கெட் எடுத்த இடத்தில் சொல்லித் திருத்துங்கள். படிவத்தை டிக்கெட்டுக்கு ஏற்றபடி மாற்றாதீர்கள்.

எது குடும்பப் பெயர், எது மற்றப் பெயர் என்று குழப்பமா? பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில் அடியில் இரண்டு நீள வரிகள் இருக்கின்றன. முதல் வரியில் இலங்கையைக் குறிக்கும் 'எல்கேஏ' என்ற மூன்று எழுத்துக்குப் பிறகு வருவது குடும்பப் பெயர். அடுத்து இரண்டு அம்பு முனைகள் சேர்ந்தாற்போல் வரும். அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் மற்றப் பெயர்கள். அங்கே ஒற்றை அம்பு முனை என்றால் வெறும் இடைவெளி. தகப்பன் பெயர் முன்னால் நின்றால் படிவத்தில் அதுதான் குடும்பப் பெயர். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லையே என்று யோசிக்க வேண்டாம். அந்த வரிக்கு இடம் குறைவு, நீளமான பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அப்போது மேலே முழுதாக அச்சாகியிருப்பதைப் பார்த்து எழுதுங்கள்.

குடும்பப் பெயர்ப் பகுதியே வெறுமையாக இருந்தால் படிவத்தில் நட்சத்திரக் குறி எந்தப் பெட்டிக்கு இருக்கிறது என்று பாருங்கள். குறி இல்லாத பெட்டியை விட்டுவிடலாம். சில படிவங்கள் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு இடச் சொல்கின்றன, பெட்டிக்குப் பக்கத்திலேயே அந்தக் குறிப்பு இருக்கும். முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்தால் பல படிவங்கள் ஏற்காது. புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

பாஸ்போர்ட் இலக்கத்தில் முதலில் ஆங்கில எழுத்து, பிறகு இலக்கங்கள். இலக்கங்களுக்கு நடுவே பூச்சியத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைத் தட்டிவிடுவது கண்ணுக்கே தெரியாத பிழை.

முகவரி, தொலைபேசி

தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி இலக்கம் இல்லை, கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருகிறது. வீதிப் பெட்டியில் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதுங்கள். நமக்குள் புழங்கும் தமிழ்ப் பெயர் இங்கே உதவாது, தோட்டத்தின் பதிவுப் பெயர் வேண்டும். நகரப் பெட்டியில் உங்கள் தபாலகம் உள்ள ஊர். தபால் குறியீடு அட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200, பண்டாரவளைக்கு 90100. சாய்வுக்கோடு போட்டு எழுதிய முகவரியைப் படிவம் சிவப்பில் காட்டினால் கோட்டை எடுத்துவிட்டு இடைவெளி விடுங்கள்.

தொலைபேசி இலக்கத்துக்கு நாட்டுக் குறியீடு 94. அதற்குப் பிறகு முதல் பூச்சியம் வராது, 077 என்பது 77 ஆகும்.

தங்கும் முகவரிக்கு உறவினர் வீடு என்றால் அவர்களிடம் தபால் குறியீட்டையும் கேட்டு வாங்குங்கள். மலேசியாவில் 5 இலக்கம், சிங்கப்பூரில் 6.

மின்னஞ்சல் கட்டாயம் உங்களுடையதாக இருக்கட்டும். டவுனில் கொமினிகேஷன் கடையில் நிரப்பும்போது கடைக்காரர் அவசரத்துக்குக் கடையின் மின்னஞ்சலைப் போட்டுவிடுவார். உறுதிப்படுத்தலும் 'பின்' எனும் இரகசிய இலக்கமும் அங்கேயே போய்விடும். பிறகு விமான இலக்கத்தைத் திருத்த நினைத்தாலும் கைக்கு எட்டாது.

இந்திய இ-விசா கேட்கும் குடியுரிமைக் கேள்வி

ஆன்லைனில் எடுக்கும் இந்த விசாவின் படிவத்தில், பிறப்பால் குடியுரிமை பெற்றவரா, பின்னர் பெற்றவரா என்று ஒரு கேள்வி. தாய், தகப்பனின் பிறந்த ஊர், முந்தைய நாட்டுரிமை என்று தொடர்கிறது. மற்றவர்கள் ஒரு நொடியில் தாண்டிப்போகும் இடத்தில் மலையகத்தவர் கை நின்றுவிடுகிறது. இந்திய வம்சாவளியினரான நாம் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானோம், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்கு என்று பிரிக்கப்பட்டார்கள், எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இழுபட்டது. அதனால் ஒரே வீட்டில் பாட்டிக்கு ஒரு பதிலும் பேத்திக்கு வேறு பதிலும் சரியாக இருக்கலாம்.

ஊகித்து எழுதாதீர்கள். பெற்றோர் இலங்கைப் பிரஜைகளாக இருக்கையில் இங்கே பிறந்தவர்களுக்குப் பதில் 'பிறப்பால்'. பெரியவர்களுக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு அதில் உள்ளபடி நிரப்புங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயரும் பிறந்த இடமும் உங்கள் பிறப்புச் சான்றிதழில் ஒரு கூட்டில் இருக்கும். தகப்பனார் திருச்சியிலோ சேலத்திலோ பிறந்திருந்தால் அதையே எழுதுங்கள், மறைக்க அதில் ஒன்றும் இல்லை. பழைய இந்தியப் பாஸ்போர்ட் வீட்டில் கிடக்கிற குடும்பம் என்றால் அனுப்புவதற்கு முன் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் கேட்டுவிடுவது நல்லது.

படம் ஏறவில்லை, பக்கம் அறுந்துபோகிறது

இந்திய இ-விசாவுக்கு முகப்படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், 10 கேபிக்கும் 1 எம்பிக்கும் இடையில் வேண்டும். பாஸ்போர்ட் பக்கம் பிடிஎஃப் ஆக, 300 கேபிக்குள். போனில் எடுத்த படம் இதைவிடப் பெரிதாக இருக்கும். சதுரமாக வெட்டி, வாட்ஸ்அப்பில் வீட்டில் ஒருவருக்குச் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு குறைந்துவிடும். பாஸ்போர்ட்டை ஜன்னலோரத்தில் பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பிளாஷ் பட்டால் மேல் படலம் பளிச்சிட்டு எழுத்து மறையும்.

சிக்னல் வந்து போகிற இடத்தில் படிவம் பாதியில் அறுந்துவிடும். எல்லா விவரங்களையும் முதலில் போனின் குறிப்பில் தட்டி வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று ஒட்டிக்கொண்டே போங்கள். இ-விசாப் படிவம் முதல் பக்கத்திலேயே ஒரு தற்காலிக இலக்கம் தரும். அதைக் குறித்து வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பணம் கட்டும்போது நின்றுவிட்டால் உடனே மறுபடி கட்டாமல் அதே தளத்தில் கட்டணம் சேர்ந்ததா என்று பாருங்கள். கார்ட் வெளிநாட்டு ஆன்லைன் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்.

அப்புறம், கைக்குழந்தைக்கும் தனி அட்டை உண்டு. வந்த உறுதிப்படுத்தலைப் போனில் சேமித்து, ஒரு பிரதி அச்செடுத்து, பெயர், இலக்கம், திகதி மூன்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதை விமான நிலையத்துக்குப் போகும் வான் புறப்படுவதற்கு முதல் நாளே முடித்துவிடுங்கள். கினிகத்தேனைத் தாண்டிய பிறகு வளைவுகளுக்கு நடுவே போனில் பாஸ்போர்ட் இலக்கம் தட்டுவது யாருக்கும் சரிவராது.